ஃபேன் செட்டை மாற்றச் சொல்பவர்களுக்கு

சித்திரை வெயிலில் கிண்டி சிக்னலில் வண்டி நிற்கிறது. டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது. ஏ.சி.யிலிருந்து வெறும் காற்று வருகிறது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் ஃபேன் அசையாமல் கிடக்கிறது. இந்த நிலையில் வண்டியை எங்கே கொண்டுபோனாலும் அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும்: “ஃபேன் போயிடுச்சு சார். செட்டோட மாத்திடலாம். ரிப்பேர் பண்ணினா நிக்காது.”

சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள், தெருமுனை மெக்கானிக் சொல்கிறார், கார் வைத்திருக்கும் மைத்துனரும் சொல்கிறார். அவர்கள் தரப்பு வாதத்தையும் குறைத்து மதிப்பிடாமல் எடுத்து வைக்கிறேன். ஃபேன் நின்றால் எஞ்சின் கொதிக்கும். கொதித்தால் அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேஸிங் போட்டு மறுபடி பூட்டுவதற்குள் ஃபேன் செட்டின் விலையைப் போலப் பல மடங்கு கரைந்துவிடும். அதனால் சில ஆயிரத்துக்குக் கணக்குப் பார்க்காமல் புதுசையே போடுவதுதான் புத்திசாலித்தனம் என்கிறார்கள்.

இந்த வாதத்தின் முன்பாதியோடு எனக்குச் சண்டையே இல்லை. பெட்ரோலில் எரியும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலண்டின் தலையில்தான் விழுகிறது. அதை வெளியே தள்ள, ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும். நிற்கும் வண்டிக்கு ஃபேனை விட்டால் வேறு நாதியில்லை. 82 முதல் 88 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறக்கும், 95 டிகிரியை ஒட்டி ஃபேன் சுற்றத் தொடங்கும். சரியான கலவையில் கூலண்டும் நல்ல ரேடியேட்டர் மூடியும் இருந்தால், மூடி தாங்கும் அழுத்தத்தால் கொதிநிலை 120 டிகிரியைத் தாண்டிப் போகும். 95-க்கும் 120-க்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். நெரிசலில் அது சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஃபேன் விஷயத்தில் அலட்சியம் கூடாது என்பதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

பின்பாதிதான் கோளாறு. ‘ஃபேன் சுற்றவில்லை’ என்பதிலிருந்து ‘ஃபேன் போய்விட்டது’ என்பதற்கு ஒரே தாவாகத் தாவுகிறார்கள். பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் ஃபியூஸ், ரிலே, ஒயர், கனெக்டர் எல்லாவற்றையும் கடந்து மோட்டாருக்கு வந்து, எர்த் வழியாகத் திரும்பிப் போகிறது. ரிலேவுக்கு ‘போடு’ என்று உத்தரவு தர இன்னொரு வரிசை இருக்கிறது. எஞ்சினில் பொருத்திய டெம்பரேச்சர் சென்சர் சூட்டைச் சொல்லும், அதைக் கேட்டு எஞ்சினின் கணினியான இ.சி.எம். முடிவெடுக்கும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இந்த வேலையை ஒரு தெர்மோ ஸ்விட்ச் தனியாகவே செய்துவிடும். இரண்டு வேகத்தில் சுற்றும் ஃபேன் என்றால் நடுவில் ஒரு ரெசிஸ்டர் வேறு. இத்தனையில் எது அறுந்தாலும் ஃபேன் சுற்றாது. ஆனால் பில்லில் ஏறுவது மட்டும் எப்போதும் கடைசியில் இருக்கும் மோட்டார், அதுவும் இறக்கை, பிளாஸ்டிக் கூடு சகிதமாக.

விலையைப் பாருங்கள். ஃபியூஸ் சில பத்து ரூபாயில் முடியும். ரிலேவும் ரெசிஸ்டரும் பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு நூறுகளில் அடங்கும். மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் ஜோடி ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. செட் என்றால் சில ஆயிரம், பெரிய வண்டிக்குப் பத்தாயிரத்தையும் தாண்டும். இவ்வளவு விலை வித்தியாசம் இருக்கும் இடத்தில், எது கெட்டது என்று பார்க்காமல் மிக விலையுயர்ந்ததை முதலில் மாற்றச் சொல்வது என்ன ஜாக்கிரதை?

பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். ஏ.சி. போட்டதும் ஃபேனுக்கும் உத்தரவு போகும்படிதான் பெரும்பாலான வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். ஃபியூஸ் பெட்டியில் ‘டிக்’ என்று ரிலே அடிக்கிற சத்தம் கேட்கிறதா? கேட்டும் ஃபேன் சுற்றவில்லை என்றால் உத்தரவு வந்துவிட்டது, கரண்ட் போகும் பாதையிலோ மோட்டாரிலோதான் கோளாறு. சத்தமே இல்லையென்றால் அதே எண்ணுள்ள ரிலே ஒன்று ஹாரனுக்கோ வேறெதற்கோ பக்கத்திலேயே இருக்கும், இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் டெம்பரேச்சர் சென்சரின் கனெக்டரைக் கழற்றினாலே, சென்சர் செத்துவிட்டது என்று நினைத்து இ.சி.எம். ஃபேனைச் சுற்றவிடும். சுற்றினால் மோட்டார், ரிலே, ஃபியூஸ் மூன்றும் ஒரே அடியில் பாஸ். கடைசியாக, ஃபேனின் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த இரண்டு ஒயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பார்க்க வேண்டியது. கை, துண்டு, ஒயர் எல்லாம் இறக்கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். நேர்க் கரண்டில் ஜம்மென்று சுற்றும் மோட்டாரைக் ‘போயிடுச்சு’ என்று சொல்லிச் செட்டை விற்பவருக்கு என்ன பெயர் வைப்பது என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இந்தப் பரிசோதனைகளுக்கு முன்பே வண்டி ஒரு துப்புக் கொடுத்திருக்கும். நெரிசலில் ஏறும் முள், பைபாஸில் அறுபதைத் தாண்டியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். நெரிசலில் ஒழுங்காக இருந்து, ஏற்றத்திலோ வேகத்திலோ ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். அந்த வண்டிக்குப் பத்து ஃபேன் மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

பாதுகாப்புக்காகத்தான் புதுசு என்கிறார்களே, அந்த வாதம் எங்கே உடைகிறது என்று காட்டுகிறேன். ஃபேனின் கனெக்டரைக் கழற்றிப் பின்களைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் ஒரு பின் மட்டும் பளபளப்புப் போய்ப் பழுப்பேறியிருக்கும். அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் லேசாக உருகிச் சாய்ந்திருக்கும். உள்ளேயிருக்கும் தகட்டின் பிடி தளர்ந்து, அந்த இடத்தில் தடை ஏறிவிட்டது என்று அர்த்தம். 10 ஆம்பியர் ஓடும் வழியில் 0.3 ஓம் தடை போதும். 3 வோல்ட் அங்கேயே தின்னப்படும், 30 வாட் சூடாகும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் சின்ன சாலிடரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றைக் கனெக்டருக்குள் சொருகி வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம்.

இங்கே செட்டை மாற்றினால் என்ன ஆகும்? ஆண் பக்கம் புதிதாக வரும். வண்டி ஒயரிங்கில் இருக்கும் பெண் பக்கம் அதே தளர்ந்த பழையதுதான். ஃபேன் அன்று சுற்றும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். சில மாதத்தில் புது பின்னும் பழுக்கும், இந்த முறை ஃபேன் ஏதாவது ஒரு சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும். இருநூறு முந்நூறு ரூபாயில் கனெக்டரை வெட்டி, அதே கனமுள்ள ஒயரோடு புதுசு போட்டு, எர்த் போல்ட்டின் துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆக, காரணத்தைத் தேடாத புது சாமான், காரணத்தைத் தீர்த்த பழைய சாமானைவிட ஆபத்தானது. எஞ்சினைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, மோட்டாரே கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேர்க் கரண்டிலும் சுற்றவில்லை, ஆனால் ஸ்குரூடிரைவர் பிடியால் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் சுற்றுகிறது. கார்பன் தேய்ந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். இங்கேதான் ‘ரிப்பேர் நிக்காது’ என்ற மந்திரம் உச்சரிக்கப்படும். இதை நம்புகிற வீடுகளில் ஒரு கேள்வி கேட்க ஆசை: உங்கள் மிக்ஸிக்கு எத்தனை தடவை கார்பன் மாற்றியிருக்கிறீர்கள்? ரேடியேட்டர் ஃபேனைவிடப் பல மடங்கு வேகத்தில் அலறிச் சுற்றும் மோட்டார் அது. கார்பன் மாற்றி வந்த மிக்ஸியில் வருஷக்கணக்கில் சட்னி அரைக்கிறோம், யாரும் ‘நிக்காது’ என்று பயமுறுத்தவில்லை. காரிலேயே பாருங்கள். நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் செல்ஃப் மோட்டாருக்குக் கார்பன் மாற்றுவது இந்தத் தொழிலில் அன்றாட வேலை. அதைச் செய்கிற அதே கடை, அதில் பத்தில் ஒரு பங்கு அளவே இழுக்கும் ஃபேன் மோட்டாரைக் கண்டதும் கையை விரிப்பது விசித்திரம்.

‘செல்ஃப், டைனமோ ரிப்பேர்’ என்று போர்டு மாட்டிய பழைய கடை ஒன்றில் நின்று இந்த வேலையைப் பார்த்தால் சந்தேகம் தீரும். கடைக்காரர் மோட்டாரின் பின்மூடியைப் பிடித்திருக்கும் தகட்டுக் காதுகளை உளி நுனியால் நிமிர்த்துவார். மூடி கழன்றதும் கரிப்பொடி கொட்டும். கார்பன் இரண்டும் ஸ்பிரிங் எட்டாத அளவுக்குக் கட்டையாகியிருக்கும். ஆர்மெச்சூரை எடுத்து முதலில் முகர்ந்து பார்ப்பார், கருகிய வார்னிஷ் வாசம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். வாசம் இல்லையென்றால் ஜீரோ நம்பர் உப்புத்தாளைக் கம்யூட்டேட்டர் மேல் சுற்றி இரண்டு இழுப்பு. கறுத்த செம்பு ரோஸ் நிறத்துக்கு வரும். உடைந்த ஹேக்ஸா பிளேடால் செம்புத் தகடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களைச் சுரண்டிக் கரியை எடுப்பார். அவசரக்காரர்கள் விட்டுவிடும் இடம் இதுதான், அப்படி விட்ட ரிப்பேர்தான் நிற்காது. புதுக் கார்பனின் செம்பு வாலைச் சாலிடர் வைத்து, புஷ்ஷில் துளி கிரீஸ் தடவி மூடிவிட்டு, கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்பார். இறக்கையோடு நிதானமான கரண்டில் சீராகச் சுற்றினால் வேலை முடிந்தது. ஒரு டீ ஆறுவதற்குள் என்று சொல்ல மாட்டேன், இரண்டு மூன்று டீ ஆகும்.

எல்லா மோட்டாரும் பிழைக்கும் என்றும் சொல்லவில்லை. ஆர்மெச்சூர் கருகியிருந்தால், கம்யூட்டேட்டர் செம்பு தேய்ந்து குழி விழுந்திருந்தால், ஷாஃப்ட் ஆடினால் அந்த மோட்டாருக்குக் காசு செலவழிக்காதீர்கள். அப்போதும் வாங்க வேண்டியது மோட்டாரை மட்டும்தான். நல்ல இறக்கையையும் கீறல் விழாத கூட்டையும் எதற்குக் குப்பையில் போட வேண்டும்? சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி உதிரிபாகத் தெருவில், ஓடுகிற மாடல்கள் பலவற்றுக்கு மோட்டார் தனியாகவே கிடைக்கும். கார் கம்பெனிகள் ஃபேன் மோட்டாரைப் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. டென்சோ, வேலியோ, மாலே போன்ற சப்ளையர்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாட், ஷாஃப்ட் கனம், சுற்றும் திசை மூன்றும் பழசோடு ஒத்திருக்க வேண்டும். பூட்டியபின் கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் தாளை உள்ளே இழுக்க வேண்டும். தள்ளினால் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. உடைந்த இறக்கைக்கு மட்டும் தயவுசெய்து பசை போட்டு ஒட்டாதீர்கள், நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றுப் போகிற பிளாஸ்டிக் அது.

மூன்றாவதாக ஒரு வாதம் வரும், கொஞ்சம் கனமானது: “இப்படி உட்கார்ந்து நோண்டுற நேரத்துக்குப் புதுசே போட்டுடலாம்.” கூலி மணிக்கணக்கில் ஆயிரங்களாகும் அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இது சரியான கணக்கு. அங்கே சாமான் மலிவு, மனிதக் கை விலை அதிகம். நம் ஊரில் கணக்கு தலைகீழ். ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனின் அரைநாள் கூலியைவிடச் செட்டின் விலை அதிகம். சர்வீஸ் மேனுவலோடு சேர்ந்து வந்த பழக்கத்தை, அது பிறந்த இடத்தின் கூலியைக் கேட்காமலே பின்பற்றிக்கொண்டிருக்கிறோம்.

இதில் கார் வைத்திருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. ஒரு மெக்கானிக் முக்கால் மணி நேரம் டெஸ்ட் லாம்ப்பை வைத்துத் தேடி, துருப்பிடித்த எர்த் ஒயரைக் கண்டுபிடித்துச் சரிசெய்து ஐந்நூறு கேட்டால், “ஒரு போல்ட்டைத் தேச்சதுக்கா ஐந்நூறு?” என்று பேரம் பேசுகிறோம். அதே ஆள் ஐயாயிரத்துக்குச் செட்டை மாட்டி எழுநூறு கூலி போட்டால் வாயைத் திறக்காமல் கொடுக்கிறோம், பளபளவென்று ஒரு சாமான் கண்ணுக்குத் தெரிகிறதே! கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது, மாற்றுவதற்கு உண்டு என்று நாமே விதி போட்டபின் அவர் எதைச் செய்வார்? நல்ல எலெக்ட்ரீஷியனிடம் வண்டியை விடும்போதே, “அண்ணே, என்னன்னு மொதல்ல பாருங்க, பாக்குறதுக்குத் தனியா காசு குடுத்துடுறேன்” என்று சொல்லிவிடுங்கள். செட் விற்கும் பேச்சு பாதி அங்கேயே அடங்கிவிடும்.

பாதுகாப்பு என்ற பெயரில் வெளியாட்களின் கையைக் கட்டும் வாதம் சட்டத்தின் முன்னாலும் ஒருமுறை போய் நின்றது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும், கோளாறு கண்டறியும் கருவிகளும், தொழில்நுட்பக் கையேடுகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பது புகார். வெளியே விட்டால் போலிச் சாமானும் அரைகுறை வேலையும் உயிருக்கு உலை வைக்கும் என்று கம்பெனிகள் வாதாடின, ஆணையம் அதை ஏற்கவில்லை. விவகாரம் பிறகு மேல்முறையீடுகளுக்குப் போனது தனிக் கதை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையவாசலைத் தொடங்கியபோது, எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு இதெல்லாம் தேவையில்லை, கம்பெனி தலையில் கட்டிவிடுங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்காரரைத்தான் செட் வைத்துப் பயமுறுத்துகிறார்கள்.

‘அப்படியென்றால் டைரக்ட் பண்ணச் சொல்கிறாயா?’ என்று யாராவது கேட்பார்கள். இல்லவே இல்லை. சாவி போட்டதும் ஃபேன் சுற்றும்படி ஒரு ஒயரை இழுத்துக் கட்டிவிடும் அந்த வைத்தியத்தைச் செட் மாற்றுவதைவிடக் கேவலமாகக் கருதுகிறேன். ஃபியூஸும் ரிலேவும் இல்லாமல் மெல்லிய ஒயரில் 10, 15 ஆம்பியரை ஓடவிட்டால் பானெட்டுக்குள் தீப்பிடிக்க வழி செய்கிறீர்கள். நாள் முழுக்கச் சுற்றும் மோட்டாரின் கார்பனும் சீக்கிரம் தீரும். இதற்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார்: “நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே தேவையில்ல, கழட்டிப் போட்டுடலாம்” என்பவர். கழற்றிய வண்டி, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே ஓடும். மைலேஜ் குறையும், எஞ்சின் ஆயில் கெடும். கோளாறைத் தேடாமல் சாமானைக் கழற்றுவதும் தேடாமல் மாட்டுவதும் ஒரே சோம்பேறித்தனம்தான். முன்னதில் காசு மெதுவாகப் போகிறது, பின்னதில் உடனே போகிறது.

சென்னைப் புதுப்பேட்டையில் விற்கும் செகண்ட் ஹேண்ட் ஃபேனைப் பற்றிக் கேட்டால் என் பதில் தயக்கத்தோடு வரும். உடைப்புக்கு வந்த வண்டியிலிருந்து இறக்கிய கம்பெனி ஃபேன், கள்ளப் பெட்டியில் வரும் புது ஃபேனைவிட நல்லதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த நகரத்தில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று நினைவிருக்கட்டும். முங்கிய மோட்டார் வெளியே துடைத்தால் புதிது மாதிரி இருக்கும், உள்ளே துரு ஏறிக்கொண்டிருக்கும். “பாய், பேட்டரி குடுத்துக் காட்டுங்க” என்று கேளுங்கள். சுற்றவிட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். ஷாஃப்டை விரலால் ஆட்டுங்கள், ஒயரின் நுனியை உரித்துச் செம்பு பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடை இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு செட் கட்சிக்கு ஒரு இடத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் கார்பனே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் வந்துவிட்டது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக் போர்டு மோட்டாரின் முதுகிலேயே பசை ஊற்றி மூடியிருக்கும். அது செத்தால் செல்ஃப் டைனமோ கடைக்காரரின் உளிக்கும் சாலிடருக்கும் அங்கே வேலை கிடையாது. அந்த வண்டிகளிலும் கனெக்டர், ஃபியூஸ், எர்த்தைப் பார்த்துவிட்டே பணத்தை எடுக்க வேண்டும், ஆனால் போர்டுதான் போயிருக்கிறது என்று உறுதியானால் மாற்றத்தான் வேண்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்வியைக் கம்பெனியிடம் கேட்போம்: இறக்கைக்கும் கூட்டுக்கும் ஒன்றும் ஆகாதபோது மோட்டாருக்கு ஏன் தனி பார்ட் நம்பர் இல்லை? மற்ற வண்டிகளில், சில நூறு ரூபாயில் அடங்கும் ஒரு ரெசிஸ்டரை ஏன் முழுச் செட்டோடு சேர்த்துத்தான் விற்கிறீர்கள்? கவுண்டரில் இருக்கும் பையனுக்குப் பதில் தெரியாது. கேள்வியை எழுத்தில் கொடுத்து, மேலிடத்துக்கு அனுப்பச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள். கழற்றிய பழைய செட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் சொத்து. அதிலிருக்கும் இறக்கையையும் கூட்டையும் வெளியே வாங்க ஆள் இருக்கிறது.